ஐந்தாண்டுக்கு முப்பது மணி நேரம்: டாக்டர்களுக்கு யார் பாடம் எடுப்பது?

புதுச்சேரியில் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஏதாவது ஒரு நட்சத்திர ஓட்டல் வாசலில் டாக்டர் ஸ்டிக்கர் ஒட்டிய கார்கள் வரிசையாக நின்றால், உள்ளே சி.எம்.இ. நடக்கிறது என்று பொருள். தொடர் மருத்துவக் கல்வி. படித்து முடித்துத் தொழில் செய்துகொண்டிருக்கும் டாக்டர்கள் தங்கள் அறிவைப் புதுப்பித்துக்கொள்ள நடத்தப்படும் வகுப்பு. வாசலில் ஒரு மேசை, மேசையில் ஒரு நோட்டு, பக்கத்தில் மருந்துக் கம்பெனியின் பெயர் அச்சிட்ட பைகள். நோட்டில் கையெழுத்துப் போட்டால் இரண்டு மணி நேரம் கணக்கில் ஏறிவிடும். அதற்குப் பிறகு உள்ளே உட்காருவதும் கடற்கரைக்குக் கிளம்புவதும் அவரவர் விருப்பம். மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் கூட்டம் குறையாமல் திரும்பி வந்துவிடும்.

நான் பதினான்கு வருடமாக அந்த நோட்டில் கையெழுத்துப் போடுகிறவள். அதில் மூன்று வருடம் உள்ளூர் டாக்டர் சங்கம் ஒன்றில் இந்த வகுப்புகளை ஏற்பாடு செய்யும் குழுவிலும் இருந்தேன். பேச்சாளரைப் பிடிப்பது, மண்டபம் பேசுவது, கவுன்சிலிடம் கிரெடிட் புள்ளிக்கு விண்ணப்பிப்பது, கம்பெனிக்காரரிடம் சாப்பாட்டுச் செலவைக் கேட்பது எல்லாம் செய்திருக்கிறேன். வெளியில் நின்று கல்லெறிகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம் என்பதற்காக இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு தொழில் நெறி விதிகள், ஒரு டாக்டர் ஐந்தாண்டுக்குக் குறைந்தது 30 மணி நேரம் தொடர் கல்வியில் கலந்துகொள்ள வேண்டும் என்கின்றன. வருடத்துக்கு ஆறு மணி நேரம். ஒரு சினிமாவுக்கு மூன்று மணி நேரம் என்று வைத்தால் வருடத்துக்கு இரண்டு சினிமா. என்ன கற்றார், கற்றது நோயாளிக்குப் போய்ச் சேர்ந்ததா என்று யாரும் கேட்பதில்லை. தேர்வு கிடையாது. உட்கார்ந்ததற்குத்தான் புள்ளி.

இதே டாக்டர் சமூகம்தான் 'தகுதி' என்ற சொல்லை உலகத்திலேயே அதிகம் உச்சரிக்கும் கூட்டம். புதுச்சேரியில் அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவ இடங்களில் 10 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2023இல் வந்தபோது, டாக்டர்களின் வாட்சப் குழுக்களில் என்னென்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியும். தரம் போய்விடும், நாளைக்கு நம்மையே இவர்கள்தான் ஆபரேஷன் செய்வார்கள், இத்யாதி. பதினேழு வயதுப் பெண்ணுக்கு மூன்று மணி நேரப் பரீட்சையில் ஒரு மதிப்பெண் குறைந்தால் அவள் காலம் முழுவதும் தகுதியற்றவள். ஐம்பத்தைந்து வயது டாக்டர் கல்லூரியை விட்டு வந்தபின் ஒரு புதுப் புத்தகத்தைக் கூடத் திறக்கவில்லை என்றாலும் அவர் தகுதி அப்படியே அழியாமல் இருக்கும். பிறப்பில் வந்தது போல.

சரி, அந்த ஆறு மணி நேரத்தில் என்ன சொல்லித் தருகிறார்கள்? அதைத் தீர்மானிப்பது யார் பணம் கட்டுகிறார் என்பது. சர்க்கரை நோய்க்குப் புது மாத்திரை வந்தால் அந்த மாதம் எல்லா ஊரிலும் சர்க்கரை நோய் வகுப்பு. கொழுப்புக்கு வந்தால் கொழுப்பு. டாக்டர்கள் மருந்துக் கம்பெனிகளிடம் பரிசு, பயணம், விருந்தோம்பல் எதுவும் வாங்கக்கூடாது என்று 2009 டிசம்பரில் விதி 6.8 வந்தது. 2016இல் அந்த விதியிலிருந்து 'டாக்டர் சங்கங்கள்' என்ற சொற்களை அமைதியாக எடுத்துவிட்டார்கள். தனி டாக்டர் வாங்கினால் குற்றம், நாலு பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்து வாங்கினால் கல்வி. 2022 பிப்ரவரியில் சென்னை மருந்துக் கம்பெனி ஒன்றின் வருமான வரி வழக்கில் உச்ச நீதிமன்றம், டாக்டர்களுக்குக் கொடுக்கும் இலவசங்களை வியாபாரச் செலவாகக் காட்டி வரி விலக்கு வாங்க முடியாது என்றது. அந்த இலவசப் பட்டியலில் தங்கக் காசு, டிவி, ஃபிரிட்ஜ் ஆகியவற்றோடு மாநாட்டுக் கட்டணமும் இருந்தது. ஃபிரிட்ஜும் கல்வியும் ஒரே வரிசையில்.

2023 ஆகஸ்ட் 2ஆம் தேதி தேசிய மருத்துவ ஆணையம் புது விதிகளை அறிவித்தது. மருந்துக் கம்பெனி நேரடியாகவோ மறைமுகமாகவோ பணம் கட்டும் கருத்தரங்குகளுக்கு டாக்டர் போகக்கூடாது என்ற தடை அதில் இருந்தது. மூலப் பெயரில் மருந்து எழுத வேண்டும் என்ற விதியும் இருந்தது. டாக்டர் சங்கமும் கம்பெனிகளும் எதிர்த்தன. மூன்று வாரத்தில் விதிகள் மொத்தமாக நிறுத்தி வைக்கப்பட்டன. 2024 மார்ச்சில் மருந்துத் துறை வேறொரு நடத்தை நெறியைக் கொண்டுவந்தது. அதன்படி ஒரு கம்பெனி மீது புகார் வந்தால், விசாரிப்பது கம்பெனிகளின் சங்கம் அமைத்த குழு. திருடனுக்குத் திருடனின் மாமா பஞ்சாயத்து.

இதெல்லாம் ஊழல், இதில் சாதி எங்கே வந்தது என்று இளம் தோழர்கள் கேட்கலாம். சொல்கிறேன். அதற்கு என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

2016. அப்போது ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இரவு டூட்டி பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது வயதுக்குள் இருக்கும் ஒருவரை ஷேர் ஆட்டோவில் போட்டுக் கொண்டு வந்தார்கள். நினைவில்லை. உடம்பெல்லாம் சாக்கடை. வாயில் சாராய வாசனை. கொண்டு வந்தவர்களில் ஒருவர் "குடிச்சிட்டு வுழுந்துட்டான்" என்றார். அந்த ஆள் காண்ட்ராக்டரின் மேஸ்திரி என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. நான் கேஸ் ஷீட்டில் எழுதினேன்: மது போதை, வாசனை உள்ளது, தவறி விழுந்ததாகத் தகவல். குளுக்கோஸ் ஏற்றச் சொன்னேன். அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனேன்.

வார்டில் துப்புரவு வேலை பார்க்கும் ஆயா ஒருவர் அவர் உடம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டு, "டாக்டரம்மா, இது சரக்கு மயக்கம் மாதிரி தெரியல. குழிக்காத்து அடிச்சிருக்கு. தாயத்தப் பாருங்க, கன்னங்கரேல்னு ஆயிப்போச்சு" என்றார். இடுப்புக் கயிற்றில் கோத்திருந்த வெள்ளித் தாயத்து கரி பூசியது போல இருந்தது. பார்த்தேன். "நீங்க வேலையப் பாருங்க ஆயா" என்றேன்.

என் அம்மா பாகூர் கொம்யூனில் ஒரு பள்ளிக்கூடத்தில் கழிப்பறை கழுவி என்னைப் படிக்க வைத்தவர். அந்த வாயால்தான் அப்படிச் சொன்னேன். ஐந்தரை வருடப் படிப்பு என் காதை எந்தத் திசையில் திருப்பியிருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று என்னிடம் இல்லை.

காலையில் அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். இரண்டு நாளில் இறந்துவிட்டார். ஒரு மாதம் கழித்து அவர் மனைவி கேஸ் ஷீட் நகல் கேட்டு வந்தார். ஒரு விடுதியின் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கியவர் அவர். இறங்கும் முன் ஒரு குவார்ட்டர் குடித்திருக்கிறார். குடிக்காமல் அந்த நாற்றத்தில் யாரால் இறங்க முடியும்? ஆகவே நான் எழுதிய வாசனை பொய்யில்லை. ஆனால் என் ஒரு வரி அந்தச் சாவின் கதையையே மாற்றிவிட்டது. போலீஸ் அதை வைத்துக்கொண்டது. காண்ட்ராக்டர் அதை வைத்துக்கொண்டார். மலக்குழி மரணத்துக்குப் பத்து லட்சம் கொடுக்க வேண்டும் என்று 2014 மார்ச்சிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. குடிகாரன் தவறி விழுந்து செத்ததற்குப் பத்து லட்சம் கிடையாது. சாவுச் செலவுக்கு என்று ஏதோ கையில் திணித்தார்கள், அவ்வளவுதான்.

ஹைட்ரஜன் சல்பைடு. மலக்குழியிலும் சாக்கடையிலும் சேரும் வாயு. குறைவாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். நூறு பிபிஎம் தாண்டினால் மூக்கு மரத்துவிடும், நாற்றம் போய்விட்டது என்று நினைத்து மனிதர் இன்னும் கீழே இறங்குவார். ஐந்நூறு ஆயிரம் என்று போனால் ஓரிரு மூச்சில் சுருண்டு விழுவார். தூக்க இறங்குகிறவரும் விழுவார். ஒரே குழியில் மூன்று பேர், நான்கு பேர் சாவது இதனால்தான். இதற்குத் தெளிவான ரத்தப் பரிசோதனை எதுவும் அவசரப் பிரிவில் கைவசம் இருக்காது. யோசித்தால்தான் கண்டுபிடிக்க முடியும். அந்த யோசனைக்கு உதவும் குறிகளில் ஒன்று, நோயாளியின் உடம்பில் உள்ள வெள்ளியும் செம்பும் கறுத்துப்போவது. நச்சு மருத்துவப் புத்தகத்தில் இது ஒரு வரி. நான் மூன்று வருடம் கழித்துத்தான் அந்த வரியைப் படித்தேன். ஆயாவுக்கு அது படிக்காமலே தெரிந்திருந்தது, ஏனென்றால் அவர் தெருவில் இப்படிச் செத்தவர்கள் இருந்தார்கள். நூறு விழுக்காடு ஆக்சிஜனை உடனே வைத்திருந்தால் அந்த மனிதர் பிழைத்திருப்பாரா? என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அவர் மனைவிக்குப் பத்து லட்சம் கிடைத்திருக்கும் என்று சொல்ல முடியும்.

ஏற்பாட்டுக் குழுவில் சேர்ந்ததும் நான் வைத்த முதல் தலைப்பு இதுதான். மலக்குழி வாயு: எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிச் சிகிச்சை தருவது, கேஸ் ஷீட்டில் என்ன எழுதுவது. குழுவின் மூத்தவர் நல்ல மனிதர், கோபப்படவில்லை. "நல்ல டாபிக்தாம்மா. ஆனா ஸ்பான்சர் யாரு?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. குழிக்காற்றுக்கு மாத்திரை விற்கும் கம்பெனி இல்லை. முதல் மருந்து ஆக்சிஜன், அதற்கு மெடிக்கல் ரெப் கிடையாது. சாகிறவர்கள் அநேகமாக எல்லோரும் தலித்துகள், அவர்களால் ஓட்டல் வாடகை கட்ட முடியாது. சந்தை இல்லாத நோய்க்கு வகுப்பு இல்லை. யாருடைய நோய்க்குச் சந்தை இல்லை என்பதைச் சாதிதான் முடிவு செய்து வைத்திருக்கிறது. ஒருவரும் சாதி வெறியோடு நடந்துகொள்ள வேண்டிய தேவையே இல்லாமல், எல்லோரும் நல்ல மனிதர்களாக இருந்துகொண்டே, இது நடக்கும்.

இரண்டாவது தடவை ஸ்பான்சர் இல்லாமல் ஒரு கல்லூரி அரங்கில் நடத்தலாம் என்றேன். பேச்சாளர் யார் என்று கேட்டார்கள். ஒரு நச்சு மருத்துவ நிபுணர், ஒரு வழக்கறிஞர், இரண்டு தூய்மைப் பணியாளர்கள் என்றேன். "அவங்க ஃபேகல்டியா?" என்று ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு எல்லோரும் சிரித்தார்கள். புள்ளி கிடைக்காது என்று சொல்லி அன்றோடு முடித்துவிட்டார்கள்.

மேடையில் யார் உட்காருவார் என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. சி.எம்.இ. மேடைக்குக் கூப்பிடப்படுகிறவர் பெரும்பாலும் டி.எம்., எம்.சிஎச். முடித்த உயர் சிறப்பு மருத்துவர். உயர் சிறப்புப் படிப்புகளில் இடஒதுக்கீடே கூடாது என்று 1999இல் பிரீத்தி ஸ்ரீவஸ்தவா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே எம்.பி.பி.எஸ். வரைக்கும் இடஒதுக்கீடு வழியாக உள்ளே வந்தவர்கள் கீழே நாற்காலியில் உட்கார்ந்து கேட்பார்கள், சல்லடையின் கடைசிக் கண்ணுக்கு மேலே நின்றவர்கள் மேடையில் இருந்து பேசுவார்கள். 2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரி மக்கள்தொகையில் ஏறத்தாழ 16 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். நான் குழுவில் இருந்த மூன்று வருடத்தில் மேடை ஏறியவர்களில் தலித் என்று எனக்குத் தெரிந்து ஒருவரும் இல்லை.

இந்த ஊருக்கு இது புதிதில்லை. சம்பா கோவிலுக்குள் சாதிக் கிறித்தவர்களையும் பறையர் கிறித்தவர்களையும் பிரிக்க ஒரு சுவர் இருந்ததையும், தாழ்த்தப்பட்டவர்கள் போய்ப் பாதிரியாரிடம் முறையிட்டதையும், சுவர் இடிக்கப்பட்டதையும் ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் 1745இல் எழுதி வைத்திருக்கிறார். பிரெஞ்சுக்காரர்கள் இங்கே மருத்துவப் பள்ளி தொடங்கியது 1823இல். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய ஜிப்மர் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். இருநூறு வருட மருத்துவக் கல்வி உள்ள ஊரில் மலக்குழிக் காற்றுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்க முடியவில்லை.

2024 ஜூன் 11 வந்தது. ரெட்டியார்பாளையம் புதுநகரில் பாதாளச் சாக்கடையின் விஷவாயு வீட்டுக் கழிப்பறை வழியாக ஏறி மூன்று பெண்கள் இறந்தார்கள். ஒருவர் பதினைந்து வயது மாணவி. அடுத்த நாளே என்னைச் சிரித்தவர்களில் இரண்டு பேர் போன் செய்தார்கள். "அந்த ஹெச்.டூ.எஸ். சப்ஜெக்ட் உங்ககிட்ட இருந்துச்சே, ஸ்லைடு அனுப்புங்க" என்றார்கள். அனுப்பினேன். காற்று வீட்டுக்குள் வந்ததும் நச்சு மருத்துவமாகிவிட்டது, குழிக்குள் இருந்தவரை அது துப்புரவுத் துறைப் பிரச்சினை. அந்த மூன்று பெண்களின் சாவை நான் கொச்சைப்படுத்தவில்லை. அதற்கு முன்பு செத்தவர்களுக்கு ஏன் ஒரு போன் கூட வரவில்லை என்று மட்டும் கேட்கிறேன்.

'அறிவியலுக்குச் சாதி கிடையாது' என்று பதில் வரும். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் கறுப்பின நோயாளிகளிடம் ஆக்சிஜன் குறைவைத் தவறவிடுவது வெள்ளையரைக் காட்டிலும் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் என்று 2020 டிசம்பரில் அமெரிக்காவின் முதன்மை மருத்துவ இதழ் ஒன்றில் ஆய்வு வந்தது. கருவிக்கே நிறம் தெரிகிறது. வெளிறிய தோலில் எடுத்த படங்களை வைத்து நீலம் பூத்தல் என்றால் என்னவென்று படித்துவிட்டு, நம்மூர்க் கறுத்த தோலில் அதைத் தேடுகிற டாக்டர்கள் நாங்கள். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு இரு விரல் பரிசோதனை செய்யக்கூடாது என்று 2013லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022 அக்டோபரில் மறுபடியும் சொல்ல வேண்டி வந்தது. இந்த முறை, மருத்துவர்களுக்குப் பயிலரங்கு நடத்துங்கள் என்றும் உத்தரவு போட்டது. டாக்டர்கள் தாங்களே புதுப்பித்துக்கொள்ளும் லட்சணம் அது. மும்பையில் பாயல் தட்வி 2019 மே மாதம் உயிரை மாய்த்துக்கொண்டபோது அவர் மகப்பேறு மருத்துவ மேற்படிப்பில் இருந்த பழங்குடிப் பெண். குற்றம் சாட்டப்பட்டவர்கள் அவருடைய மூத்த மாணவிகள், மூவரும் டாக்டர்கள். சாதி கிடையாதாம்.

ஒப்பிட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் கறுப்பின டாக்டர்களை வெள்ளையரின் மருத்துவச் சங்கங்கள் சேர்த்துக்கொள்ளவில்லை. சங்கத்தில் இல்லையென்றால் கூட்டம் இல்லை, கூட்டம் இல்லையென்றால் புதிதாக எதையும் கற்க வழியில்லை, பல ஊர்களில் மருத்துவமனையில் நோயாளியைச் சேர்க்கவும் வழியில்லை. அவர்கள் 1895இல் தனிச் சங்கம் தொடங்கினார்கள். 2008 ஜூலையில் அமெரிக்க மருத்துவச் சங்கம் அந்தப் பழைய குற்றத்துக்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. கலிஃபோர்னியாவில் 2019இல் போட்ட சட்டப்படி, நோயாளியைப் பார்ப்பது தொடர்பான தொடர் கல்வியில் டாக்டரின் உள்மறைந்த பாகுபாட்டைப் பற்றிய பாடமும் இருந்தாக வேண்டும். அதனால் அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நம்பவில்லை. ஆனால் பாடத்திட்டத்தில் அந்தச் சொல் இருக்கிறது. நம்முடைய முப்பது மணி நேரத்தில் 'சாதி' என்ற சொல் எந்தக் கட்டாயத் தலைப்பிலும் இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021இல் தன்பாலின ஈர்ப்புள்ள இணையர் ஒருவரின் வழக்கில், எனக்கு இது பற்றித் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு தீர்ப்பு எழுதினார். ஒரு நீதிபதிக்கு முடிந்தது. டாக்டருக்கு மட்டும் ஏன் கௌரவக் குறைச்சல்?

இந்த வகுப்புகளை அரசுப் பணத்தில், கல்லூரி அரங்குகளில், முடிந்தவரை தமிழில் நடத்த வேண்டும். சோறு பொட்டலம் போதும், யாரும் செத்துவிட மாட்டார்கள். வெறும் உட்கார்தலுக்குப் புள்ளி கொடுப்பதை நிறுத்திவிட்டு, ஒரு டாக்டர் தான் எழுதிய பத்து கேஸ் ஷீட்டைக் கொண்டுவந்து சக டாக்டர்கள் முன் வைத்துப் பேசினால் புள்ளி கொடுக்கலாம். என் அந்த ஒரு வரியை அப்படி யாராவது ஒருவர் பார்த்திருந்தால் போதும். எந்தத் தலைப்பு தேவை என்பதை ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவர்கள் சொல்லட்டும்: தூய்மைப் பணியாளர்கள், உப்பளத்திலும் செங்கல் சூளையிலும் வேலை செய்கிறவர்கள், வன்கொடுமை வழக்கில் காயச் சான்றிதழுக்கு அலைந்தவர்கள். மேடையில் அவர்களுக்கும் நாற்காலி போட வேண்டும், பேச்சாளருக்குக் கொடுக்கும் அதே சன்மானத்தோடு. இது நடைமுறைக்கு ஒத்துவராது என்பார்கள். மாதாமாதம் ஓட்டலும் பேச்சாளரும் விமான டிக்கெட்டும் நடைமுறைக்கு ஒத்துவருவதை நான் பார்த்திருக்கிறேன்.

காத்திருந்து பயனில்லை என்று போன வருடம் முதலியார்பேட்டையில் ஒரு தொழிற்சங்க அலுவலக மாடியில் நாங்களே நடத்தினோம். அறுபது பேருக்குச் செய்தி அனுப்பி, பதினொரு டாக்டர்கள் வந்தார்கள். ஒருவர் வாசலிலேயே "கிரெடிட் உண்டா?" என்று கேட்டார். இல்லை என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். இருபது வருடமாகக் குழியில் இறங்கும் ஒருவர் பேசினார். மூடியைத் திறந்ததும் கரப்பான் பூச்சி ஓடுகிறதா என்று பார்ப்பார்களாம். ஓடவில்லை என்றால் இறங்க மாட்டார்களாம். "அப்பவும் இறங்குன்னு சொன்னா?" என்று ஒரு டாக்டர் கேட்டார். "இறங்குவோம் சார். அதுக்குத்தான் குடிக்கிறது" என்றார். அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

வழக்கறிஞர், 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மலக்குழி மரணத்துக்கான இழப்பீட்டை முப்பது லட்சமாக உயர்த்தியதையும், உயிர் பிழைத்து நிரந்தரமாக முடங்கிப்போனால் இருபது லட்சத்துக்குக் குறையக்கூடாது என்று சொன்னதையும் விளக்கினார். பதினொரு பேரில் ஒன்பது பேருக்கு அது தெரியாது. கேஸ் ஷீட்டின் முதல் வரியில் எங்கே, எந்த வேலையில் இருந்தபோது, எவ்வளவு ஆழத்தில், யார் இறக்கினார்கள் என்று எழுத வேண்டும், வாசனையைப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். அதைத் தமிழில் அரைப் பக்கத் தாளாக அடித்து அவசரப் பிரிவுகளில் ஒட்டக் கொடுத்து வருகிறோம். சில இடங்களில் ஒட்டவிட்டார்கள், சில இடங்களில் மேலிட அனுமதி கேட்டார்கள்.

அந்த ஆயாவைத் தேடிப் போய் அழைத்தேன். வேலையிலிருந்து நின்றுவிட்டார், முட்டி வலி. மாடி ஏற முடியாது என்றார். அடுத்த கூட்டம் காயச் சான்றிதழ் பற்றி. அதைத் தரைத்தளத்தில் வைக்க இடம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.